தொண்ணூற்றெட்டில் நிற்கும் எஞ்சின்

சாசிபுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் பஸ்ராவில் எங்கள் தெரு முழுக்க அவனை ‘அபூ மௌலிதா’ என்றுதான் கூப்பிட்டது. அபூ என்றால் அப்பா, மௌலிதா என்றால் ஜெனரேட்டர். மற்ற ஆண்களுக்கு மூத்த பிள்ளையின் பெயரோடு வரும் மரியாதை அவனுக்கு ஒரு டீசல் எஞ்சினோடு வந்து சேர்ந்தது. பிள்ளை தப்புச் செய்தால் அப்பனைத் திட்டுவது எங்கள் வழக்கம். அதில் மட்டும் தெரு அவனுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

எஞ்சின் அவனுடையது அல்ல. அது ஹாஜி மிஸ்ஹருடையது. தெருமுனைக் காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தார். அரசாங்க மின்சாரம் போனதும் அங்கிருந்து எங்கள் வீடுகளுக்கு ஒயர் வழியாக மின்சாரம் வரும். யாருக்கு எத்தனை ஆம்பியர் என்பது பேசி வைத்த கணக்கு. சாசிப் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தான். வேலை போனால் அறையும் போகும் என்பதுதான் ஏற்பாடு.

படையில் இருந்தபோது அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். அந்தக் காலத்தில் படைக்குப் போன எல்லோரிடமும் துப்பாக்கியோடு ஒரு படம் இருக்கிறது. அவனிடம் இருப்பது ஆவி கக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டு நிற்கும் படம். திரும்பி வந்ததும் சில வருடம் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். அந்த ஃபேக்டரி மூடிய பிறகு ஹாஜியிடம் வந்தான். ஐஸ் ஃபேக்டரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தெரு மறக்கவே இல்லை.

முன்பிருந்த எஞ்சினுக்குக் காவல் அவனுடைய உள்ளங்கைதான். ரேடியேட்டர் குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் தாங்கும்” என்பான். பல கோடைகளுக்குத் தாங்கியது. பிறகு ஓர் ஆகஸ்டில், அவன் “தாங்கும்” என்று சொல்லிக் கையை எடுத்த சிறிது நேரத்தில், எஞ்சின் உள்ளுக்குள் இறுகி நின்றது. மிச்சமிருந்த ஆகஸ்டை நாங்கள் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கழித்தோம். ஹாஜி அவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “இன்னொரு எஞ்சின் போச்சுன்னா, அதோட நீயும் போ.”

அடுத்த எஞ்சினோடு ஒரு பெட்டியும் வந்தது. உள்ளங்கை அகலத்தில் சின்னத் திரை, நாலைந்து பொத்தான், தலைக்கு மேலே ஒரு ஹாரன். அதைப் பொருத்த அஷார் கடைத்தெருவிலிருந்து பொறியாளர் ராபித் வந்தார். வெயிலில் திரை தெரியவில்லை. சாசிப் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து நிழலுக்காக அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். வேலையற்ற நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம்.

“எஞ்சினுக்கு ஆபத்து வந்தா இந்தப் பெட்டி தானா பாத்துக்கும். ரேடியேட்டர் தண்ணி தொண்ணூத்தி மூணு டிகிரியைத் தொட்டா ஹாரன் அடிக்கும், அது எச்சரிக்கை. தொண்ணூத்தெட்டைத் தொட்டா எஞ்சினை நிறுத்திடும். யாரையும் கேக்காது” என்றார் ராபித்.

“தொண்ணூறுல நிறுத்தச் சொல்லு. ஏற்கெனவே ஒண்ணைப் புதைச்சாச்சு” என்றார் ஹாஜி.

வேலிக்கு வெளியிலிருந்து உம்மு நவ்ரஸின் குரல் வந்தது. நவ்ரஸின் அம்மா. வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். அவளுடைய ஊசியைவிட நாக்குக் கூர்மை என்பது அவள் வாடிக்கையாளர்களே ஒப்புக்கொள்ளும் விஷயம். “தொண்ணூறா? அந்தத் தண்ணியில டீகூட போட முடியாது ஹாஜி! நூத்திப்பத்து போடுப்பா, புள்ளைங்க வீட்டுக்குள்ள வேகுதுங்க!”

“நூத்தி அஞ்சு?” என்று அட்டைக்கு அடியிலிருந்து சாசிப் மெதுவாகச் சொன்னான்.

“தொண்ணூத்திரண்டு. அதுக்கு மேல ஒரு டிகிரிகூட கிடையாது” என்றார் ஹாஜி.

“இது மீன் கடை இல்ல” என்றார் ராபித்.

“மீன் கடையா இருந்தா தராசாவது கண்ணுக்குத் தெரியும்” என்றாள் உம்மு நவ்ரஸ்.

ராபித் தொண்ணூற்றெட்டிலிருந்து அசையவில்லை. எண்ணெய் அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே போனால் நிற்கும், சுற்று வேகம் இவ்வளவுக்கு மேலே போனால் நிற்கும் என்று வேறு சில எண்களையும் சொன்னார். அவற்றை யாரும் பேரம் பேசவில்லை. புரியாததை அப்படியே ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை எங்களுக்கு உண்டு. கடைசியில் யாரும் மாற்றிவிடாதபடி நாலு இலக்க ரகசிய எண்ணைப் போட்டுப் பூட்டினார். ஹாஜியிடம்கூடச் சொல்லவில்லை. உடம்பை வளைத்துத் திரையை மறைத்துக்கொண்டுதான் அழுத்தினார். அட்டை பிடித்தவன் மேலே நிற்கிறான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கூட்டம் அதிருப்தியோடு கலைந்தது. விலையை ஒரு பைசாவும் குறைக்காத கடைக்காரன் எதையோ மறைக்கிறான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஜூலை பிறந்தது. பகல் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பி, எல்லா ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் ஹாரன் அலறும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நிற்கும். அது ஆறி மறுபடி கிளம்பும்வரை தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்துகொள்ளும். அவற்றின் வழியாகக் காற்று எதுவும் உள்ளே வராது, குரல்கள்தான் வெளியே வரும்.

“அபூ மௌலிதா! உன் புள்ளைக்கு இன்னைக்கும் காய்ச்சலா?” மொட்டை மாடியிலிருந்து உம்மு நவ்ரஸ்.

“சூடு ஏறிடுச்சு உம்மு நவ்ரஸ். பெட்டி நிறுத்திடுச்சு. நான் இல்ல.”

“பெட்டிக்குக் கை இருக்கா?”

“இல்ல.”

“உனக்கு?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன பேச்சு?”

சந்தேகத்துக்குக் காரணம் வேண்டாம். ஆனால் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஹாஜியின் மைத்துனன் கானிம் தள்ளுவண்டியில் ஐஸ் கட்டி விற்பவன். எஞ்சின் நின்ற சூட்டோடு அவன் வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பிவிடும். ஹாஜியின் எஞ்சின் நிற்கிறது, ஹாஜியின் மைத்துனன் ஐஸ் விற்கிறான், எஞ்சினைப் பார்த்துக்கொள்பவனோ பழைய ஐஸ் ஃபேக்டரிக்காரன். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் படிப்புத் தேவைப்படவில்லை.

“ஹாரன் சத்தம் எனக்கும்தானே கேக்குது! அடுத்த தெருவுலதானே நிக்கிறேன்!” என்பான் கானிம். நியாயமான பதில்தான். அதனாலேயே யாரும் நம்பவில்லை. நியாயமான பதிலை முன்கூட்டியே தயார்செய்து வைத்திருப்பவனை எப்படி நம்புவது?

ஹாஜிக்கு வேறு சந்தேகம். சாசிப் தனக்குத் தெரியாமல் யாருக்கோ கூடுதல் ஒயர் இழுத்துக் கொடுக்கிறான், அந்தச் சுமையால்தான் சூடு ஏறுகிறது என்று நினைத்தார். சாசிபுக்குப் பொறியாளர் மேல் சந்தேகம். அடிக்கடி கூப்பிடவேண்டும் என்பதற்காகவே எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறார் என்று. போனில் பேசிய பொறியாளருக்கு ரேடியேட்டரை யாரும் கழுவவில்லை என்று சந்தேகம். பேசி வைத்த ஆம்பியருக்கு மேல் இழுக்கும்படி பிரேக்கரை மாற்றிவிட்ட வீடுகளும் தெருவில் இருந்தன. அவற்றைப் பற்றி மட்டும் சந்தேகமே எழவில்லை. எந்தெந்த வீடு என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரியும்.

ஒருநாள் கல்யாண உடுப்பு ஒன்று பாதித் தையலில் இருக்கும்போது எஞ்சின் நின்றது. உம்மு நவ்ரஸ் இறங்கி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தி அவனுக்காக துஆ செய்தாள், அதாவது பிரார்த்தித்தாள்.

“யா அல்லாஹ், இந்த அபூ மௌலிதாவுக்கு நீண்ட ஆயுசைக் குடு. அந்த ஆயுசுல ஒவ்வொரு நாளையும் ஜூலை மாசமா குடு.”

நின்றிருந்தவர்கள் எல்லோரும் “ஆமீன்” என்றார்கள். சாசிப் உள்ளே போனான். அட்டையைப் பிடித்தபடி மேலிருந்து பார்த்த நாலு இலக்கங்கள் அவனுக்கு மறந்துபோயிருக்கவில்லை. அவற்றை அழுத்தினான். எச்சரிக்கையை நூற்றுநாலுக்கு ஏற்றினான். நிறுத்துவதை நூற்றேழுக்கு ஏற்றினான். ஆயில் அழுத்தத்தைத் தொடவில்லை. அது அவனுக்கும் புரியாத எண்.

மறுநாள் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. கானிமின் ஐஸ் வண்டியிலேயே உருகி ஒழுகியது. தெரு கொஞ்சம் சந்தோஷப்படும் என்று சாசிப் எதிர்பார்த்திருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு தெரு யோசித்தது. வெக்கையில் யோசிக்க முடியாததையெல்லாம் ஏசியில் யோசிக்கலாம் அல்லவா?

“முந்தாநாளும் இதே வெயில். இன்னைக்கும் இதே வெயில். அன்னைக்கு ஏன் நின்னுச்சு? இன்னைக்கு ஏன் நிக்கல?” சலூன் நாற்காலியில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

“நிறுத்தாம ஓட்ட முடியும்னா, இவ்வளவு நாளா வேணும்னே நிறுத்தினாங்கன்னுதானே அர்த்தம்?” என்றார் கத்தி பிடித்தவர்.

பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட இவ்வளவு சரியாக இருந்ததில்லை. பதில்தான் தவறான வீட்டுக் கதவைத் தட்டியது. எஞ்சின் நின்றபோது இருந்த சந்தேகம், எஞ்சின் ஓடியதும் நிரூபணம் ஆகிவிட்டது.

அந்த நாட்களில் சாசிபைப் பார்த்தவர்களுக்கு அவன் முகமே குற்றவாளியின் முகமாகத் தெரிந்தது. பகல் முழுக்க பெட்டியின் எதிரில் உட்கார்ந்திருந்தான். எண் நூறைத் தாண்டும், நூற்றிரண்டு ஆகும், நூற்றுமூன்றில் நின்று யோசிக்கும். எஞ்சினிலிருந்து வெந்த பெயின்ட் வாசனை வரும். எழுந்துபோய் ரேடியேட்டர் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவான். சமூன் ரொட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிட மறப்பான். முன்பு தெருவே திட்டியபோது நிம்மதியாகத் தூங்கியவன், யாரும் திட்டாதபோது தூக்கத்தைத் தொலைத்தான். எஞ்சின் எரிந்தால் என்ன நடக்கும் என்று ஹாஜி ஏற்கெனவே சொல்லியிருந்தாரே.

விஷயம் ஹாஜியின் காதுக்குப் போனது. அவர் கோபக்காரர். அந்தி நேரத் தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் கொட்டகை முற்றத்துக்கு வரச்சொன்னார். டீசல் பீப்பாய்களைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கத்திப் பேசவேண்டியிருந்தது. பொதுவாகவே எங்களுக்கு அது சிரமமில்லை.

“என்னைத் திருடன்னு பேசுறீங்க. சரி, அப்பாஸ் மேல சத்தியம் வெச்சிடுவோம். பெட்டியில கை வெச்சவன் யாருன்னு தெரிஞ்சிடும்” என்றார் ஹாஜி.

எங்கள் பக்கத்தில் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுப் பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவன் கருணையாளன், மன்னித்துவிடுவான் என்ற நம்பிக்கை. கர்பலாவில் அடங்கியிருக்கும் புனிதர் அப்பாஸின் பெயரில் அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அவருக்குச் சூடான தலை என்று பெயர். அவர் பெயரில் பொய்ச் சத்தியம் செய்து வாய் கோணிப் போனவனின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று உண்டு.

ஹாஜி கர்பலா இருக்கும் திசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “அப்பாஸ் மேல சத்தியமா, நான் அந்தப் பெட்டியைத் தொடல.” ஏமாற்றமாக இருந்தது, ஆனால் நம்பினோம். கானிமும் சத்தியம் செய்தான். பொறியாளர் ராபித்தை போனில் பிடித்தார்கள்.

“போன்ல செஞ்சா செல்லுமா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஸ்பீக்கர்ல போடு. எல்லாருக்கும் கேட்டாச் செல்லும்” என்றாள் உம்மு நவ்ரஸ்.

பொறியாளர் சலிப்போடு சத்தியம் செய்துவிட்டு வைத்தார். மிச்சம் ஒருவன். சாசிப் எலுமிச்சை வற்றல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டம்ளரைக் கீழே வைத்தான்.

“நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

முற்றம் எழுந்து நின்றது. “ஐஸ் ஃபேக்டரிக்காரன்!” என்றது ஒரு குரல். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று, எப்போதும் எதையும் சொல்லியிராத பலர் சொன்னார்கள்.

“கை வெச்சேன். ஆனா எண்ணை இறக்கல. ஏத்தினேன். எஞ்சின் நிக்கக் கூடாதுன்னு ஏத்தினேன்” என்று சாசிப் கத்தினான்.

“எவ்வளவு?” ஹாஜியின் குரல் எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

“நூத்தேழு.”

ஹாஜி மெதுவாகப் பீப்பாயில் உட்கார்ந்தார். “தண்ணி நூத்தேழு டிகிரி. ஹெட் கேஸ்கட் போயிருந்தா? எஞ்சின் பிளந்திருந்தா?” அவர் பெட்டியை நோக்கிப் போய்ப் பார்த்தார். திரையில் நூறு. அந்த எண்ணைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தெருவுக்குத்தான் வேண்டியிருந்தது.

“எங்களுக்காக ஏத்தினானாம்!” உம்மு நவ்ரஸ் சிரித்தாள். “இந்த ஊர்ல யார் யாருக்காக எதைச் செஞ்சிருக்கான்? அந்த நூத்தேழுக்குப் பின்னாடி வேற ஏதோ இருக்கு. எங்க, அப்பாஸ் மேல சத்தியமா உங்க நல்லதுக்காகத்தான் ஏத்தினேன்னு சொல்லு பாப்போம்.”

சாசிப் கையைத் தூக்கினான். வாயைத் திறந்தான். பிறகு மூடினான். கை அப்படியே நின்றது. நல்ல மனிதனாகப் பெயர் வாங்க ஒரு வாக்கியம் போதும் என்ற இடத்தில், அந்த வாக்கியம் முழு உண்மையா என்று ஒருவன் யோசிப்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“அப்படிச் சொல்ல முடியாது” என்றான்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!”

“அப்பாஸ் மேல சத்தியமா,” என்றான் சாசிப், “உன் வாயை மூடத்தான் ஏத்தினேன், உம்மு நவ்ரஸ். உன் துஆவைத் தாங்க முடியல. வேற ஒரு காரணமும் இல்ல.”

பின்வரிசையிலிருந்து அபூ நவ்ரஸ் எழுந்தார். மனைவி இருக்கும் கூட்டத்தில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“இவன் சொல்றது உண்மை. எனக்குத் தெரியும்” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான், தெரு முழுக்க நம்பிவிட்டது. நன்மைக்காகச் செய்தேன் என்று அவன் ஆயிரம் சத்தியம் செய்திருந்தாலும் கிடைக்காத நம்பிக்கை, பயந்து செய்தேன் என்ற ஒரே சத்தியத்தில் கிடைத்தது. ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். அந்தப் பயம் அவர்களில் பலருக்கும் பழக்கமானதுதான்.

ஆனால் ஹாஜிக்கு அவன் ஏன் ஏற்றினான் என்பது பொருட்டல்ல. ஏற்றிவிட்டான், அதுதான் விஷயம். கையை நீட்டினார். “கொட்டகைச் சாவியைக் குடு. காலையில அறையைக் காலி பண்ணு.”

சாசிப் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகியிருந்தது.

“நில்லு ஹாஜி” என்றாள் உம்மு நவ்ரஸ். “இவனை அனுப்பிட்டு யாரைக் கொண்டு வருவே?”

“எனக்கு உண்மையா இருக்கிறவனை.”

“அதாவது உனக்கு மட்டும் பயப்படுறவனை. அவன் முதல் நாளே தொண்ணூறுல நிறுத்துவான். எனக்குப் பயப்படுறவன் இந்த ஊர்ல இன்னொருத்தன் கிடைப்பானா? கிடைச்சாலும் பழக்க எத்தனை கோடை ஆகும்?”

“என் எஞ்சினை எரிக்கப் பாத்தான்!”

“எரிஞ்சுதா? வாளி வாளியா தண்ணி ஊத்தினது யாரு? நீயா ஊத்தினே? மாடியிலேர்ந்து நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தண்ணியில என்னத்தைக் கலக்குறான்னு பாத்தேன், அது வேற விஷயம்.” முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். “இவன் போனா என் ஒயரைக் கழட்டிட்டுப் பக்கத்துத் தெரு ஜெனரேட்டர்ல மாட்டிக்குவேன். யார் யார் வரீங்க?”

ஒரு கை உயர்ந்தது. அது அபூ நவ்ரஸின் கை, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பிறகு சலூன்காரரின் கை. பிறகு எண்ண வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்குக் கைகள். ஹாஜி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“எண் தொண்ணூத்தெட்டுக்குப் போகும். அது மாறாது. இவனுக்கு ரகசிய எண் தெரியக் கூடாது” என்றார்.

“உனக்கும் தெரியக் கூடாது. நீ இறக்கிடுவே” என்றாள் அவள்.

“உனக்கு மட்டும் தெரியலாமா? நீ ஏத்திடுவே.”

கடைசியில் எங்கள் தெருவால் மட்டுமே முடியக்கூடிய ஓர் ஏற்பாடு உருவானது. மறுநாள் ராபித் வந்து ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே புழுதியும் பேரீச்ச நாரும் கெட்டியாக அடைந்திருந்தன. கழுவி மாட்டினார். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றெட்டு என்று பழைய எண்களையே வைத்தார். பிறகு புதிய ரகசிய எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை ஹாஜியின் காதிலும், கடைசி இரண்டை உம்மு நவ்ரஸின் காதிலும் சொன்னார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்றைச் செய்ததில்லை என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு எஞ்சின் அடிக்கடி நிற்பதில்லை. ஆனால் காற்றே தீயாக வீசும் நாட்களில் நிற்கும். ஹாரன் அலறும், ஜன்னல்கள் திறக்கும். அவற்றிலிருந்து வரும் குரல்கள் இப்போது கொட்டகைப் பக்கம் போவதில்லை.

“உம்மு நவ்ரஸ்! நீயும் ஹாஜியும் சேந்து என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல! என்கிட்ட பாதி எண்தானே இருக்கு!”

“பாதியும் பாதியும் சேந்தா முழுசுதானே?”

அவள் மாடியில் நின்று அப்பாஸ் மேல் சத்தியம் செய்கிறாள். சத்தியம் அடிக்கடி செய்யப்பட்டால் அதுவும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். பாதி எண்ணை வைத்திருப்பவளை இப்போது யாரும் முழுசாக நம்புவதில்லை. எந்த எண்ணும் தெரியாத சாசிபை எல்லோரும் நம்புகிறார்கள். எதிலும் கை வைக்க முடியாதவனைவிட நேர்மையானவன் யார்?

போன வாரம் எஞ்சின் நின்றபோது நான் கொட்டகைப் பக்கம் போனேன். சாசிப் ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். சலூன்காரரும் இன்னும் இருவரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

“நீதான் பொய் சொல்லாத ஆளு, அபூ மௌலிதா. உண்மையைச் சொல்லு. அந்தப் பொம்பளை ஏதாவது பண்ணியிருப்பாளா?” என்று கேட்டார் சலூன்காரர்.

சாசிப் கண்ணைத் திறந்து அவள் வீட்டு மாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

“நான் யாரையும் எதுவும் சொல்லலப்பா. அவ நல்லவதான்” என்றான்.

அவன் சொன்ன விதத்தில் அந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையாட்டியபடி அவள் வீட்டை நோக்கி நடந்தார்கள். சாசிப் துணியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். எஞ்சின் ஆறும்வரை அவனுக்கு வேலை இல்லை.